பழைய கருவியும் பாட்டியின் திருப்பலியும்

அம்பத்தூரில் நாம் அண்மையில் சென்றிருந்த இல்லமொன்றில், நடக்க இயலாத மூதாட்டியார் ஒருவர் பழைய டேப்லெட்டைக் கையில் ஏந்திக் கலங்கியிருந்தார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பேரன் பாடம் பயின்ற அக்கருவியில்தான் அவர் நாள்தோறும் திருப்பலி கண்டுவந்தார். இப்போது செயலி, புதுப்பித்தாலன்றித் திறவேன் என்கிறது. புதுப்பிக்க முயன்றாலோ, இக்கருவிக்குப் பொருந்தாது என்கிறது. "வேறு வாங்கலாம், பாட்டி" என்று கூறிப் பேரன் வேலைக்குச் சென்றுவிட்டான்.

கருவியில் பழுதில்லை, அதன் இயங்குதளம் பழையதாகிவிட்டது. 2011 அக்டோபர் 5ஆம் நாள் இந்திய மாணவர்க்கென வெளியிடப்பட்ட 'ஆகாஷ்' டேப்லெட் ஆண்ட்ராய்டு 2.2 கொண்டது. 2.3.7 வரையிலான கருவிகளில், 2021 செப்டம்பர் 27 முதல் கூகுள் கணக்கினுள் நுழைய இயலாமற்போயிற்று. பத்தாண்டில் இந்நிலை!

நாம் அச்செயலியை விடுத்து, பிரவுசர் வழியே தேடினோம், திருப்பலி தெரிந்தது. பிள்ளைகளே, இதனை உங்கள் இல்லத்திலும் முயன்று பாருங்கள். தேவையற்ற படங்களை நீக்கி இடம் உண்டாக்குங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்ட கருவியில் வங்கிக் கணக்கை மட்டும் வைக்காதீர்கள்.

ஆயினும் திரையில் காணும் திருப்பலி நற்கருணைக்கு ஈடாகாது. இல்லத்தில் முடங்கியிருப்போரைப் பற்றிப் பங்குத்தந்தைக்குத் தெரிவியுங்கள். நற்கருணை இல்லம் தேடி வரும்.

பொருள்களை விரைவில் குப்பையாக்கும் பண்பாடு, ஒதுக்கப்பட்ட மனிதரையும் தாக்குகிறது எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் எச்சரித்தார். அம்மூதாட்டியாருக்குத் தேவைப்பட்டது அரைமணி நேரம். அதனைப் பேரன் இன்றிரவே கொடுக்கலாம்.