உரிக்காதிருங்கள்



ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பெரியவர்கள் அஞ்சிய காலம் போய், இன்று பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் ஆமை வளர்க்க ஆசைப்படுகிறார்கள். கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது, கண்ணுக்குப் பின்னே சிவப்புக் கோடுடைய அமெரிக்க நீராமை. அதன் கழுத்திலும் கால்களிலும் தோல் வெளுத்துப் பிரிந்து நிற்கும்போது சிலர் நகத்தால் உரிக்கிறார்கள். சிலர் தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். இரண்டும் அன்பினால் செய்யப்படுகிறவைதான். ஆயினும் அறிவோடு சேராத அன்பு காயப்படுத்திவிடும் என்பதே என் எண்ணம்.

வளரும் நீராமை தோலுரிப்பது இயல்பு. பழைய தோல் நீரில் தானே கழன்றுவிடும். இழுத்தால் அடியிலுள்ள இளந்தோல் கிழிந்து கிருமி புகும். ஓடும் உயிரற்ற மூடி அன்று. அது எலும்பாலானது, தொடுதலை உணர்வது. ஆகவே வெதுவெதுப்பான சுத்த நீரில், மென்மையான பிரஷ்ஷினால் அழுக்கை மட்டும் அகற்றுங்கள். சோப்பும் எண்ணெயும் வேண்டாம். தொட்டி நீரை அடிக்கடி மாற்றுங்கள். ஏறி உடல் உலர்த்த ஒரு கல்லும், இளவெயிலும், ஒதுங்க நிழலும் இருக்கட்டும். கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. தோல் சிவந்தாலோ, புண்ணானாலோ, கண் வீங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஆமையைத் தொட்டபின் பிள்ளைகள் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். சால்மோனெல்லா கிருமி தொற்றக்கூடும். இதற்காகவே அமெரிக்கா 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்தது.

நட்சத்திர ஆமையையோ பாலாமையையோ பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கையில் கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கடையில் வாங்கிய ஆமை சலித்துப்போயிற்றென்று நம் மம்சாபுரத்துக் கண்மாயில் விடவும் வேண்டாம். நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது. அவ்வளவு காலம் பொறுப்பேற்க இயலாதவர்கள் வாங்காதிருப்பதே கருணை.

நீதிமொழிகள் 12:10, தன் மிருகத்தின் உயிர்மேல் கொள்ளும் கரிசனையை நீதிமானின் அடையாளமாகச் சொல்கிறது. மனந்திரும்பி வருகிற ஒரு சகோதரனும் பழையதைக் களைய நாளெடுக்கும். நாம் உரிக்க அவசரப்படாமல், சுத்தமான நீரும் வெளிச்சமும் அவனுக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வோம். கர்த்தர் அந்தப் பொறுமையை நமக்கு அருள்வாராக. ஆமென்.