பெயர் ஒன்று, பண்டம் வேறு

இலண்டன் தேநீர்க் கடையில் ‘பிஸ்கட்’ கேட்பவருக்கு மெல்லிய, மொறுமொறுப்பான தின்பண்டம் கிடைக்கும். அமெரிக்காவின் தென்மாநில உணவகத்தில் அதே சொல்லைச் சொன்னால், வெண்ணெய் மணக்கும் மென்மையான சிறுரொட்டி சூடாக வரும். இறைச்சி சேர்த்த வெண்ணிறக் குழம்பை அதன்மேல் ஊற்றிக் காலை உணவாக உண்பர். இங்கிலாந்தார் பிஸ்கட் என்பதை அமெரிக்கர் ‘குக்கீ’ என்பர். மொழி ஒன்று, சொல் ஒன்று, பொருளோ இரண்டு. இவற்றுள் எது சரி, எது பிழை என்னும் வினா பலகாலும் எழுகின்றது. அவ்வினாவே பொருந்தாதது என்பதைச் சொற்களின் வரலாறு காட்டும்.

‘இருமுறை சுடப்பட்டது’ என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரிலிருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த சொல் பிஸ்கட். நெடுந்தொலைவு செல்லும் கப்பல்களில் கெடாதிருக்க, ஈரம் வற்றும்வரை சுடப்பட்ட கெட்டியான பண்டம் அப்பெயர் பெற்றிருந்தது. இன்றைய பிரித்தானிய பிஸ்கட் பெரும்பாலும் ஒருமுறையே சுடப்படுகிறது; அமெரிக்க பிஸ்கட்டும் அவ்வாறே. வேர்ச்சொல்லின் பொருளைக் கொண்டு தீர்ப்பளித்தால் இருவருமே தவறியவராவர்.

‘குக்கீ’ வந்த வழி வேறு. இன்றைய நியூயார்க், 1664இல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை நியூ ஆம்ஸ்டர்டாம் என்னும் டச்சுக் குடியேற்றமாக இருந்தது. ‘சிறு கேக்’ என்னும் பொருள்தரும் டச்சுச் சொல் அம்மண்ணில் வேரூன்றியது. ஆட்சி மாறிற்று, அடுப்படிச் சொல் மாறவில்லை. 1796இல் அமேலியா சிம்மன்ஸ் வெளியிட்ட ‘அமெரிக்கன் குக்கரி’ என்னும் சமையல் நூலிலும் அச்சொல் இடம்பெற்றது.

மஃபினின் கதையும் இத்தகையதே. இங்கிலாந்தின் மரபான மஃபின், ஈஸ்ட் கலந்து பொங்கவைத்த மாவைச் சூடான இரும்புக்கல்லில் சுட்டெடுத்த தட்டை ரொட்டி. அமெரிக்க மஃபினோ கிண்ண வடிவ அச்சில் வெந்த கேக் போன்றது. முன்னதனை அமெரிக்கர் ‘இங்கிலீஷ் மஃபின்’ என அடைமொழி சேர்த்து வழங்குவர். பிறர் வழக்கைப் பழிக்காமல் குழப்பத்தை நீக்கும் நல்வழி இது.

‘பெயர் எதுவாயினும் என்ன? சுவை இருந்தால் போதும்’ என்பாரும் உளர். அக்கருத்தும் ஏற்கத்தக்கதன்று. பிரித்தானியாவில் கேக் வாங்குவோர் மதிப்புக்கூட்டு வரி செலுத்த வேண்டியதில்லை; சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு அவ்வரி உண்டு. ‘ஜாஃபா கேக்’ என்னும் பண்டம் கேக்கா, பிஸ்கட்டா என்னும் வழக்கு 1991இல் வரித் தீர்ப்பாயத்தின் முன் நின்றது. நாள்பட்டால் கேக் இறுகும். பிஸ்கட் நமத்துப் போகும். ஜாஃபா கேக் இறுகியது. இதனையும் பிற இயல்புகளையும் சீர்தூக்கிய தீர்ப்பாயம் அதனைக் கேக் என்றே முடிவு செய்தது. பெயரின் எல்லை வரியின் எல்லையாயிற்று. எனவே, சொல்லின் பொருள் இடத்துக்கு இடம் மாறலாம். ஓரிடத்துக்குள் அதன் வரையறை தெளிவாக இருத்தல் வேண்டும்.

தமிழுக்கும் இது புதிதன்று. தமிழகத்தார் ‘பிரெட்’ என்பதை இலங்கைத் தமிழர் ‘பாண்’ என்பர். அது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். அங்கு ‘ரொட்டி’ என்றால் கல்லில் தட்டையாகச் சுட்டது நினைவுக்கு வரும். ஒருவர் சொல்லைக் கேட்டு மற்றவர் நகைப்பது மொழியறிவு ஆகாது. அச்சொல் வந்த வழியை அறியாமையே ஆகும். வகுப்பறையில் அத்தகைய நகைப்புக்கு ஆளான மாணவர் அடுத்தமுறை வாய்திறக்கவே தயங்குவார். அந்த இழப்பு அவருக்கு மட்டுமன்று; வகுப்புக்கும் உரியது.

ஆங்கிலம் கற்கும் மாணவர் இரு வழக்குகளையும் அறிந்திருத்தல் நன்று. ஒரே கட்டுரையில் அவற்றைக் கலந்து எழுதாதிருத்தல் அதனினும் நன்று. சொற்களை நால்வகையாகப் பகுத்த தொல்காப்பியம், திசைச்சொல்லை விலக்காது செய்யுளிலும் இடமளித்தது. இலக்கணமே இடமளித்த சொல்லுக்கு வகுப்பறையும் இடமளித்தல் முறையாகும்.