நெருக்கி வாழ எங்களுக்குச் சொல்லித்தரணுமா?

பதுளை டவுன்ல இருந்து ஸ்பிரிங்வெளி பக்கம் போற பஸ்ல ஜன்னலோரம் இடம் கிடைச்சா வெளியே பாருங்க. டவுன் முடியுற இடத்துல புது வீடுகள் மேட்டுல ஏறிக்கிட்டே போகுது. அதுக்கு அப்புறம் தேயிலை, நடுவுல லயம்.

“காணி தட்டுப்பாடு. இனி தோட்டத்துல தனி வீடு வேணாம், மாடி வீடு கட்டினாத்தான் நிலம் மிஞ்சும்” என்று நண்பர் ஒருவர் வாதாடினார். சிங்கப்பூரை உதாரணம் காட்டினார். அங்கே பத்தில் எட்டுப் பேர் அரசாங்க அடுக்குமாடியில்தான் இருக்கிறார்கள், உண்மை. ஆனா பெரும்பாலானவர்கள் அந்த வீட்டை 99 வருசக் குத்தகையில் தன் பேரிலேயே வாங்கியவர்கள். விற்கலாம், பிள்ளைக்கு விட்டுப் போகலாம். நம்ம பக்கம் குத்தகை யார் பேர்ல? 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது, பிறகு நீண்ட காலக் குத்தகையும் அவர்களுக்கே. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தவர்களில் பலருக்கு இன்னும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

சிக்கனக் கணக்கையும் பார்த்துடுவோம். பழைய லயத்துக் காம்பிரா 10க்கு 12 அடி. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. அப்படின்னா ஒரு குடும்பம் முழுக்க அரைப் பேர்ச்சுக்கும் குறைவான இடத்துல படுத்து, சமைச்சு, பிள்ளை வளர்த்திருக்கு. எந்த நகரத் திட்டக்காரரும் இவ்வளவு நெருக்கி வரைய மாட்டார்!

ஒரு ஏக்கர் 160 பேர்ச். ரோட்டுக்கும் காணுக்கும் கால்வாசியை ஒதுக்கினாலும், ஆளுக்கு 7 பேர்ச் வீதம் 17 குடும்பங்களுக்குக் காணி வரும். மானாப்புல் மூடிக் கிடக்கிற மலைகளைப் பார்த்த யாரும் இதைப் பேராசைன்னு சொல்ல மாட்டாங்க.

நான் மாடி வீட்டுக்கு எதிரி இல்லை. டவுன்ல வேலை செய்துகிட்டு வாடகை அறையில் முடங்குற நம்ம பொடியன்மாருக்கு, டவுனுக்குள்ளயே மாடி கட்டலாம். தோட்டத்துக்குக் கேள்வி வேற: எந்தச் சரிவு பாதுகாப்பு? 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிஞ்சு லயங்களையே மூடியது. லயம் எங்கே இருக்கணும்னு அங்க இருந்தவங்க முடிவு செய்யல. மண்சரிவு அபாய வரைபடம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கு. அதை விரிச்சு வச்சு வீட்டுக்கு எது, தேயிலைக்கு எது, காடாகவே விட வேண்டியது எதுன்னு முதல்ல பிரிக்கட்டும். எத்தனை மாடின்னு பிறகு பேசலாம்.

நண்பரிடம் ஒண்ணுதான் கேட்டேன்: நீங்க சொல்ற மாடி வீட்டுக்கு உறுதி யார் பேர்ல எழுதுவாங்க? யோசிச்சுச் சொல்றேன்னு போனார்.