விடைபெறும் உரிமை

நோய் முற்றி, குணமாகும் வாய்ப்பு அறவே அற்ற ஒருவர், “என் உயிரை முடித்துக்கொள்ள உதவுங்கள்” என்று கேட்டால், சமூகம் அவருக்கு என்ன விடை கூறும்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1997 முதலும், நெதர்லாந்து 2002 முதலும், வரையறுத்த நிபந்தனைகளுடன் மருத்துவர் அதற்கு உதவுவதைச் சட்டப்படி ஏற்றுள்ளன. இந்தியாவும் அவ்வழியில் செல்ல வேண்டும் என்போர் உளர்.

நம் நாட்டில் இவ்விவாதத்தைக் கூர்மையாக்கியவர், மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக். 1973இல் கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி நினைவிழந்த அவருக்கு அளிக்கப்படும் உணவை நிறுத்த அனுமதி கோரி வழக்குத் தொடுக்கப்பட்டது. அவரைப் பேணிவந்த மருத்துவமனைச் செவிலியர்கள் அதனை எதிர்த்தனர். 2011இல் உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. எனினும், மீளா நிலையில் உள்ளோர்க்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த, கடும் நெறிமுறைகளுடன் வழிதிறந்தது. கண்ணியத்துடன் இறத்தலும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2018இல் அந்நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆயினும், மருந்தளித்து உயிரை முடிக்க உதவுவது இன்றும் குற்றமே.

இவ்வெல்லை சரியானது என்பதே என் கருத்து. பயனற்ற சிகிச்சையை விலக்கும்போது நோய் தன் போக்கில் முடிகிறது. மருந்தளிக்கும்போது மனிதர் முடித்துவைக்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

‘என் உடல், என் முடிவு’ என்னும் வாதம் வலிமையானது. தாங்கொணா வேதனையில் துடிப்பவரைப் பார்த்து, ‘பொறுத்துக்கொள்’ என்று கூறும் தகுதி எவருக்கும் இல்லை. ஆனால், அம்முடிவு உண்மையில் அவருடையதுதானா? மருத்துவச் செலவுக்காக வீட்டை அடகு வைத்த மகனையும், கண்விழித்துக் களைத்த மகளையும் காணும் முதியவர், ‘நான் போய்விட்டால் இவர்கள் பிழைப்பார்கள்’ என்று எண்ணக்கூடும். அவ்வாறு எழும் சம்மதம் விருப்பமன்று, வறுமையின் கட்டளை. தமிழகத்தின் தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் படுக்கையில் கிடந்த முதியோரின் உயிரைப் போக்கிய ‘தலைக்கூத்தல்’ என்னும் வழக்கம், சுமை எனக் கருதப்படும் உயிருக்கு நேரக்கூடியதை நமக்கு உணர்த்துகிறது.

சாவைக் கேட்பவர் பலரும் கேட்பது வலியிலிருந்து விடுதலையையே. கடும் புற்றுநோய் வலியைத் தணிக்கும் மார்ஃபின், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டக் கெடுபிடிகளால் நோயாளிகளுக்கு எட்டாக்கனியாயிற்று. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் அது எல்லா ஊர்களையும் எட்டவில்லை. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புப் பணி, தன்னார்வலர் துணையோடு கேரளமெங்கும் வீடுதோறும் பரவியது. அம்மாநில அரசு 2008இல் அதற்கெனக் கொள்கையே வகுத்தது. தமிழகத்திலும் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அச்சிகிச்சையை இல்லங்களுக்குக் கொண்டுசெல்கிறது. முடியும் என்பதற்கு இவை சான்று.

எம்மருந்துக்கும் அடங்காத வேதனையும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அத்தகையோரை முன்னிறுத்தி இவ்விவாதம் தொடரட்டும். ஆனால், வலிதணிக்கும் மருந்தும் பரிவோடு பற்றும் கையும் ஒவ்வொரு படுக்கையையும் சென்றடையும் முன்னர், சாவதற்கான உரிமையை மட்டும் வழங்குவது அறமாகாது. வலியின்றி வாழும் வழியைக் காட்டிய பின்னரே, ‘உன் விருப்பம் என்ன?’ என்று கேட்கும் தகுதி நமக்கு வாய்க்கும்.