பிள்ளை சம்பளத்தைப் பார்த்து அப்பனுக்கு வைத்தியமா?

எங்க பெரியப்பாவுக்கு வயசு 67. போன மாசம் ராத்திரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். பக்கத்து டவுன் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்டென்ட் வைக்கணும்னாங்க. அடுத்த கேள்வி, "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா?"

இல்லை. கேட்டப்போ கிடைக்கலை. அவருக்கு இருக்கறது ஒண்ணரை ஏக்கர் மானாவாரி. மல்லாட்டை (நீங்க சொல்ற வேர்க்கடலை) போட்டால் செலவு போக கையில நிக்கறது என்னன்னு எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் போடுறேன். ஆனா ரேஷன் கார்டில் மகன் பேர் இருக்கு. மகனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் மாசம் 12,000. வருசத்துக்கு 1,44,000. வரம்பு 1,20,000. முடிஞ்சது கதை.

2022 வரைக்கும் அந்த வரம்பு 72,000. ஏத்தினாங்க, சரி. ஏத்தின பிறகும் ஒரு வீடு முழுசுக்கும் மாசம் 10,000 தான். திருப்பூரில் வாடகை கொடுத்து, ரெண்டு பிள்ளையைப் படிக்க வைக்கிறவன் அப்பாவுக்கு அனுப்பறது 2,000. விஏஓ சர்டிபிகேட்டில் அந்த 2,000 வராது, 12,000 தான் வரும்.

பெரியாஸ்பத்திரியில் வருமானம் கேட்காமல் பாக்கறாங்க, அதை மறுக்கலை. ரெண்டு பஸ் மாறிப் போகணும். நெஞ்சுவலி பஸ்சுக்குக் காத்திருக்குமா?

"வரம்பே இல்லேன்னா வசதிக்காரனும் வந்து நிப்பானே" என்பீங்க. ரேஷன் அரிசிக்கு நம்ம ஊர்ல வருமான சர்டிபிகேட் கேக்கறதில்லை. வேண்டாதவங்க சர்க்கரை கார்டு வாங்கிக்கிட்டு ஒதுங்கலையா? 70 தாண்டினவங்களுக்கு வருமானம் பார்க்க வேண்டாம்னு மத்திய அரசே 2024 அக்டோபரில் திட்டம் தொடங்கிச்சு. சட்டப்படி 60 வயசானா மூத்த குடிமக்கள். அப்போ நடுவுல இருக்கற பத்து வருசம் என்ன பாவம் பண்ணிச்சு? 60 ஆனவங்களுக்கு வரம்பை எடுங்க. முடியாதுன்னா அவங்க கைக்கு வர்ற காசை மட்டும் கணக்குப் பாருங்க.

இப்போதைக்கு எல்லாரும் சொல்ற வழி, மகன் பேரை நீக்கிக் கார்டைத் தனியாப் பிரிக்கறது. ஊர்ல நாலஞ்சு பேர் அப்படித்தான் செஞ்சிருக்காங்க. கடன் வாங்கி ஸ்டென்ட் வச்சாச்சு, அடுத்த செலவுக்காவது ஆகும்னு நானும் இ-சேவை மையத்துக்குக் கூப்பிட்டேன்.

"எம்புள்ள என்னை விட்டுட்டான்னு நானே எழுதித் தரணுமாடா?"ன்னு கேட்டுட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டு மாட்டைப் பிடிச்சுக் கட்டப் போயிட்டார்.