பெட்டியில் இருக்கிறது சூட்சுமம்

காரின் பின்புறத்தில் பாரிய சப்வூபர் பெட்டியொன்றைப் பொருத்தித் தெருவையே அதிர வைப்பது எமது இளைஞர் பலருக்குப் பெருமையாகிவிட்டது. இலக்கத்தகடு கிடுகிடுக்கிறது, கண்ணாடி நடுங்குகிறது, பாடல் மட்டும் கேட்பதில்லை. குறைகுடம் கூத்தாடும் என்பது இதற்கும் பொருந்தும்.

தாமே பலகை அறுத்துப் பெட்டி செய்வோரை நான் மதிக்கிறேன். பொருளாதாரத் தடையின் கீழ் மின்சாரமின்றி இருந்த 1990களின் யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சமூகம் எமது. கைவேலை எமக்குப் புதிதன்று. ஆனால் ஸ்பீக்கருக்கும் அம்பிளிபயருக்கும் பணத்தைக் கொட்டிவிட்டுப் பெட்டியை மட்டும் கண்மட்டத்தில் அடிப்பதுதான் எனது ஆதங்கம்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று அமுங்கும். பின்புறக் காற்று தளரும். இவ்விரண்டும் கலந்தால் தாழ்ந்த ஓசை ஒன்றையொன்று அழித்துவிடும். அதைத் தடுப்பது பெட்டியின் முதல் வேலை. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று, கூம்பைத் தாங்கும் வில்லாகவும் தொழிற்படுகிறது. எனவே காற்றின் கனவளவு பிழைத்தால் ஓசையும் பிழைக்கும். அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மோல் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகள் இதனை வெறும் ஊகத்திலிருந்து கணக்காக மாற்றின. அந்த எண்கள் இன்று நல்ல ஸ்பீக்கர்களுடன் வரும் தாளிலேயே அச்சாகியுள்ளன. அதை வாசிப்பவர் எத்தனை பேர்?

ஓர் உதாரணம். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு 45, 35, 20 சென்ரிமீற்றர் உள்ளளவு கொண்ட பெட்டி தேவை என்று கொள்வோம். கனவளவு 31.5 லீற்றர். இதே அளவுகளை வெளியளவாகக் கருதி 18 மில்லிமீற்றர் பலகையில் அறுத்தால், உள்ளே எஞ்சுவது ஏறக்குறைய 21 லீற்றர் மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு பலகைக்குள் போய்விட்டது! ஸ்பீக்கரின் பின்பாகம் அடைக்கும் இடத்தையும் இதில் கழிக்க வேண்டும். மூட்டுகளில் காற்றுக் கசிந்தால் செய்த கணக்கெல்லாம் வீண்.

பெட்டி பெரிதானால் ஓசை சிறக்கும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. மூடிய காரே ஒரு பெட்டிதான். 50 ஹேர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர். காரின் உள்வெளி அதைவிடச் சிறியது. ஆகவே மிகத் தாழ்ந்த ஓசைகள் அங்கே அழுத்தமாகத் திரண்டு தாமாகவே வலுப்பெறும். வீட்டு மண்டபத்தில் போதாதெனத் தோன்றும் சிறிய மூடிய பெட்டி, காருக்குள் நிறைவான நாதம் தருவது இதனாலேயே. சிறியது கச்சிதமாகவும் இருக்கும்; இறுக்கிப் பொருத்துவதும் எளிது. விபத்தின்போது பறந்து வந்து தலையில் மோதாதபடி அதைக் கட்டாயம் இறுக்க வேண்டும்.

அம்பிளிபயரின் வலுவை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. செவிக்கோ ஒவ்வொரு 3 டெசிபெல்லும் பாரம். 85 டெசிபெல்லை எட்டு மணிநேரம் தாங்கலாம் என்ற கணக்கின்படி, 100 டெசிபெல்லுக்குக் கிடைப்பது 15 நிமிடங்களே. உட்செவியில் அழிந்த உணர்மயிர்க் கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே பெட்டி செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். அளவுகோலைக் கையில் எடுத்த பின்னர் வாளை எடுங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒலியை அதன் கனிவு கெடாமல் தருவதே நல்ல பெட்டி. அயலவரின் யன்னலை அதிரச் செய்வது அதற்கு இலக்கணமாகாது.