ஏட்டுச் சுரமும் கேட்ட சுரமும்

1904-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சேற்றிய சுப்பராம தீட்சிதர், பரம்பரையாகக் காத்துவந்த முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைக் கமகக் குறியீடுகளோடு சுரப்படுத்தி உலகறியக் கொடுத்தாரே, அந்தத் தாராள சிந்தை, இன்று சொந்த இணையதளம் ஒன்றை அமைத்துத் தாம் பாடம் செய்த உருப்படிகளின் சுரக்குறிப்பையும் ஒலிப்பதிவையும் விலையின்றி வழங்கும் சில ரசிகர்களிடம் நிலைத்திருப்பது எனக்குப் பரம சந்தோஷம்.

குறிப்பை மட்டும் கொடுப்போரிடந்தான் எனக்கு வழக்கு. தோடியின் காந்தாரத்தைக் ‘க’ என்று ஒற்றை எழுத்தில் எழுதிவிடலாம். ஆனால் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊஞ்சலாடும் அதன் அசைவைச் செவியால் அறியாதவன், ஆர்மோனியக் கட்டையை அழுத்தினாற்போல் நேராகவே பாடிவைப்பான். (என் தாயார் பாட்டு நோட்டில் சுரங்களின்மேல் பென்சிலால் இட்ட வளைகோடுகளுக்கு இன்று எங்கள் வீட்டில் பொருள் சொல்ல ஆளில்லை.)

பகிர்வதிலும் தர்மம் உண்டு. மும்மூர்த்திகளின் கிருதிகள் பொதுச்சொத்தே. ஆயினும், வெளியான ஒலிப்பதிவுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டென்பது நம் நாட்டுச் சட்டம். ஆகவே பிறர் இசைத்தட்டை ஏற்றுவதினும், குரல் சற்றுக் கம்மினாலும் தாமே பாடிப் பதிவது உத்தமம்.

அலமாரியில் பழைய பாட்டு நோட்டு வைத்திருப்போர், அதைச் செல்லரிக்குமுன் படமெடுத்து, அருகே தம் குரலையும் சேர்த்து, யாரிடம் பெற்ற பாடாந்தரம் என்பதையும் எழுதி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.